விலையும் தரமும்: கோலா கங்சார் இரப்பர் மரம் கற்பிக்கும் பாடம்



2008-ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 20 பேருக்கு ஒரே திராட்சை மதுவைச் சுவைக்கக் கொடுத்தனர். ஒருமுறை அதன் விலை 10 டாலர் என்றனர். மறுமுறை 90 டாலர் என்றனர். விலை உயர்ந்ததாகச் சொல்லப்பட்டபோதே அது சுவையானது என்றனர் பலர். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. விலையைக் கூறாது கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்தது.

இவ்வுண்மையை நம் ஊரின் வரலாறும் வேறொரு வகையில் காட்டுகிறது. 1877-இல் சர் ஹியூ லோ கோலா கங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நடச் செய்தார். அவற்றுள் எஞ்சியதாகக் கருதப்படும் மரமொன்று மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்றும் நிற்கிறது. அன்று அதனை மதித்தோர் மிகச் சிலரே. தோட்ட முதலாளிகளின் கண் காப்பியின்மீதே இருந்தது. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு, இரப்பர் நடுமாறு வற்புறுத்திய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா இயக்குநர் ரிட்லியைப் 'பித்தன்' என்றே பலர் எள்ளினர்.

பின்னர்க் காப்பியின் விலை சரிந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. 1910-இல் இலண்டனில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. இரப்பர் மரத்தைக் கண்ணாலும் காணாதவர்கள்கூடத் தோட்டப் பங்குகளை வாங்கிக் குவித்தனர். 1932-இல் அதே இரப்பர் ஏறத்தாழ 2 பென்ஸுக்கு வீழ்ந்தது. ஒரு ஷில்லிங்கிற்கு 12 பென்ஸ் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டிக் கணக்கிடச் சொல்லுங்கள். வீழ்ச்சியின் ஆழம் புரியும். அந்தச் சரிவின்போது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பாலின் தரம் குறையவில்லை. அவர்தம் கைத்திறனும் குறையவில்லை. குறைந்தது விலை மட்டுமே.

இரப்பர்த் தாள்களின் தரத்தை நெடுங்காலம் நிறத்தையும் தெளிவையும் கண்ணால் பார்த்தே பிரித்தனர். விலையும் அதையொட்டியே அமைந்தது. 1965-இல் அறிமுகமான மலேசியத் தர இரப்பர்த் திட்டம் இதனை மாற்றியது. அழுக்கு, சாம்பல் முதலியவை எவ்வளவு உள்ளன என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து தரத்தை உறுதிசெய்யும் வழக்கம் வந்தது.

இங்கே நான் பெற்றோர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். மாதந்தோறும் பெருந்தொகை கேட்கும் நிலையம் சிறந்தது என்றும், கட்டணமின்றிக் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி அதற்கு ஒருபடி குறைந்தது என்றும் எண்ணும் போக்கு நம்மிடையே உள்ளதன்றோ? கட்டணச் சீட்டை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். பிள்ளையின் பயிற்சி ஏட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். புரிந்ததைத் தன் சொற்களில் கூறுகிறதா என்று கேளுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது வகுப்பாசிரியரையும் வந்து சந்தியுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்.