ஒரே கம்பியில் ஓர் அலுவலகம்



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வண்ண விளக்குச் சரம் கட்டுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சரத்தில் ஒரு சிறு பல்பு கழன்றால் போதும், சரம் முழுவதும் இருண்டுவிடும். விவரம் தெரியாதவர் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே போவார். பூசை முடிந்துவிடும், விளக்கு எரியாது. விவரம் தெரிந்தவரோ ஏணியைச் சரத்தின் நடுவில் சாய்ப்பார். மின்சாரம் அதுவரை வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் பழுது அடுத்த பாதியில். வராவிட்டால் இந்தப் பாதியில். பிறகு அந்தப் பாதியின் நடுவுக்குப் போவார்.

அலுவலகக் கணிப்பொறிகளை முதன்முதலில் ஒன்றோடொன்று இணைத்தவர்களும், அந்த இணைப்பைக் கட்டிக் காத்தவர்களும் பல ஆண்டுகள் இப்படித்தான் ஏணியும் கையுமாக அலைந்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ என்று ஓர் ஊர். நகலெடுக்கும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற செராக்ஸ் நிறுவனம் 1970-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் கணிப்பொறி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய இயந்திரம். பலர் சேர்ந்து அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இந்த நிலையத்தார், ஆளுக்கொரு கணிப்பொறி மேசையடியில் இருக்கவேண்டும் என்று எண்ணி, 1973-இல் 'ஆல்டோ' என்னும் பொறியைச் செய்தார்கள். ஆளுக்கொரு கணிப்பொறி கொடுக்கலாம். ஆளுக்கொரு அச்சு இயந்திரம் கொடுக்க முடியுமா? கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேசர் ஒளியைக் கொண்டு அச்சிடும் இயந்திரத்தை அங்கே ஆக்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ நொடிக்கு ஒரு பக்கம் அச்சிடக்கூடியது அது. அத்தனை மேசைகளிலிருந்தும் அந்த ஒரே இயந்திரத்துக்கு எழுத்தை விரைவாக அனுப்ப வழி வேண்டியிருந்தது.

அந்த வழியைத் தேடும் பொறுப்பு ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞரிடம் வந்தது. அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முனைவர் ஆய்வேடு 1972-இல் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. தேர்வில் தோற்ற பிள்ளை வீட்டுக்கு வரும்போது நம் முகம் போகும் போக்கை நாம் அறிவோம். மெட்காஃப் சோர்ந்து உட்காரவில்லை. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியர் நடத்திய 'அலோகா' என்ற வானொலி இணைப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதை ஆராய்ந்து ஏட்டில் சேர்த்து 1973-இல் பட்டம் பெற்றார். செராக்ஸ் நிலையத்தின் சிக்கலுக்கும் அதிலிருந்தே விடை கிடைத்தது.

1971-இல் செயற்படத் தொடங்கிய அலோகா இணைப்பில், தீவுகளில் இருந்த பொறிகள் ஒரே வானொலி அலைவரிசையில், நினைத்த நேரத்தில் செய்தி அனுப்பின. இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் கெடும். 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால், அனுப்பிய பொறி சிறிது நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும். எளிய முறைதான். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால், அலைவரிசையின் முழுத் திறனில் நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் பயன்படாது. மற்றதெல்லாம் மோதலிலும் வெறுமையிலும் வீணாகும்.

விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிராணியிடம் பேசினால் என்ன ஆகும்? யார் பேச்சும் காதில் விழாது. நல்ல பழக்கம் உள்ளவர், யாராவது பேசுகிறாரா என்று முதலில் கேட்பார். இருவர் ஒருசேரத் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் மெட்காஃப் கணிப்பொறிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கம்பியில் பேச்சு நடக்கிறதா என்று கேள், இல்லையென்றால் பேசு, மோதினால் உடனே நிறுத்து, ஒரு கணம் பொறுத்து மீண்டும் முயற்சி செய். பொறுக்கும் நேரத்தை ஒவ்வொரு பொறியும் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்துகொள்ளும். மறுபடியும் மோதினால் அந்த நேரத்தின் வரம்பு இரட்டிப்பாகும். கூட்டம் பெருகப் பெருகப் பொறுமையும் பெருகுகிறது! இதற்குத் தலைவர் என்று ஒரு பொறி தேவையே இல்லை.

1973 மே 22-ஆம் நாள் எழுதிய குறிப்பில் இதற்கு 'ஈதர்நெட்' என்று அவர் பெயரிட்டார். ஒளி பரவுவதற்கு உலகெங்கும் 'ஈதர்' என்னும் கண்காணாப் பொருள் நிறைந்திருக்கிறது என்று பழைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-இல் மைக்கல்சன், மோர்லி என்ற இருவர் செய்த சோதனையில் அப்படி ஒன்று இருப்பதற்கான அடையாளமே கிடைக்கவில்லை. ஒதுக்கப்பட்ட அந்தப் பெயரைத்தான் மெட்காஃப் ஒரு செப்புக் கம்பிக்குச் சூட்டினார். டேவிட் பாக்ஸ் என்பவர் அவருக்குத் துணையாக வந்தார். பொழுதுபோக்கு வானொலியில் கைதேர்ந்த அவர், மின்சுற்றுகளைத் தம் கையாலேயே ஆக்கினார். அதே ஆண்டு நவம்பரில் இணைப்பு இயங்கியது. ஒரு கிலோமீட்டர் வரை நீளக்கூடிய கம்பி. நொடிக்கு ஏறத்தாழ 30 இலட்சம் துணுக்குகள்.

அந்த நிலையத்தில் ஒரு நாள் காலை நடந்ததை நாம் அவசியம் சொல்லவேண்டும். ஜான் ஷாக், ஜான் ஹப் என்ற இருவர், இரவில் சும்மா கிடக்கும் ஆல்டோக்களைத் தேடிப் பிடித்து வேலை வாங்கும் ஒரு நிரலை எழுதினார்கள். பொறிக்குப் பொறி பரவும் அதற்குப் 'புழு' என்று பெயர். குறித்த நேரத்தில் தொலைபேசி மணியடித்து ஆளை எழுப்பிவிடும் புழுகூட ஒன்று இருந்தது. ஒரு நாள் இரவு, சில பொறிகளில் மட்டும் ஒரு சிறு புழுவை ஓடவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் எங்கு பார்த்தாலும் பொறிகள் செயலற்றுக் கிடந்தன. ஒன்றை மீண்டும் தொடக்கினால், சற்று நேரம் ஓடும். உடனே புழு வந்து பிடித்துக்கொள்ளும். பொறி மறுபடி நின்றுவிடும். நிரலின் பிரதி ஒன்று எங்கோ கெட்டிருக்கவேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். கெட்ட பிரதி பொறியை நிறுத்தும். ஓர் அங்கம் குறைகிறதே என்று புழு அடுத்த பொறியைத் தேடும். சில பொறிகள் இருந்த அறைகள் அன்று காலை பூட்டிக் கிடந்தன. போய் நிறுத்தவும் வழியில்லை.

நல்லவேளையாக அவர்கள் முன்யோசனை உள்ளவர்கள். புழு எதுவாயினும், எங்கிருந்தாயினும், உடனே நில் என்று கட்டளையிடும் தனிச்செய்தி ஒன்றை முன்பே அமைத்திருந்தார்கள். அதைக் கம்பியில் அனுப்பினார்கள். எல்லாம் அடங்கியது. கட்டடம் முழுவதும் 100 பொறிகள் செத்துக் கிடந்தன.

இதையெல்லாம் நமக்குச் சொன்னவர்கள் வேறு யாரும் அல்லர், தவறு செய்த அந்த இருவரேதான். 1982-இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதினார்கள். அதைப் பெரிய காரியம் என்றே நாம் மதிக்கிறோம். 1988 நவம்பரில் அமெரிக்க மாணவர் ஒருவர் விட்ட புழு, இணையத்தில் ஆயிரக்கணக்கான பொறிகளை முடக்கியது. 'நில்' என்று சொல்லி அதை அடக்கும் செய்தி அன்று யாரிடமும் இல்லை.

பிறகு ஈதர்நெட் வெளியுலகுக்கு வந்தது. டிஜிட்டல், இன்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் 1980-இல் பொது அளவுகளை வெளியிட்டன. வேகம் நொடிக்கு ஒரு கோடித் துணுக்குகள். விரல் பருமனுள்ள கேபிள், பெரும்பாலும் மஞ்சள் நிறம், கூரைத் தட்டிக்கு மேலே 500 மீட்டர் வரை ஓடும். ஒவ்வொரு 2.5 மீட்டருக்கும் ஓர் அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் துளையிட்டு, கூரிய முள்ளை நடுக்கம்பி வரை செருகி, ஒரு பொறியை இணைப்பார்கள். இரத்தம் குடிக்கும் பேயின் பெயரையே அந்த முள்ளுக்கு வைத்திருந்தார்கள். முள் சற்றுக் கோணலாகப் போனால் கம்பி முழுவதும் கெடும்.

(நடுக்கம்பியைச் சுற்றி மின்சாரம் கசியாதபடி உறை வேண்டும். இந்தக் கேபிளில் அது பிளாஸ்டிக். ஆனால் 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையானது, நம் மலாய்க் காடுகளில் வளர்ந்த கட்டாபெர்ச்சா மரத்தின் பால். பால்மரத்தைச் சீவுவதுபோல் அதைச் சீவவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள்.)

அடுத்து மெல்லிய, மலிவான கேபிள் வந்தது. 185 மீட்டர், 30 பொறிகள். பொறிக்குப் பொறி தாவிச் செல்லும் இந்தக் கேபிள்தான் அலுவலகத்தில் இணைப்பைக் காப்பவரைப் பாடாய்ப் படுத்தியது. கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் அளவுள்ள சிறு அடைப்பு ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். கிணற்றில் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அடைப்பில்லாத முனையில் மின்னலையும் அப்படித் திரும்பி வந்து, அடுத்த செய்தியோடு மோதும். ஆகவே, யாரோ ஒருவர் மேசையை நகர்த்தும்போது கேபிளைக் கழற்றிவிட்டால், அவர் பொறி மட்டும் நிற்பதில்லை. இரண்டு துண்டுகளிலும் எதிரொலி நிறைந்து, முப்பது பேர் வேலையும் நின்றுவிடும்.

காப்பவர் என்ன செய்வார்? கேபிளின் நடுவில் கழற்றி, அங்கே தம் பையிலுள்ள அடைப்பை மாட்டுவார். இந்தப் பாதி பேசுகிறதா என்று பார்ப்பார். பேசினால் பழுது அந்தப் பக்கம். 30 பொறிகள் என்றாலும் ஐந்து முறை பாதியாக்கினால் இடம் அகப்பட்டுவிடும். வசதியுள்ள அலுவலகங்களில் எதிரொலியை அளக்கும் கருவி இருந்தது. கேபிளில் அலை நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி மீட்டர் ஓடும். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் எதிரொலி வந்தால், பழுது 100 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கழற்றியவர் 'நான்தான்' என்று சொல்லிவிட்டால் கருவியும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். ஆனால் முப்பது பேர் கோபமாக நிற்கும்போது யார் வாய் திறப்பார்?

1990-இல் வந்த புதிய முறையில், தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்குக் கம்பி ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியாக ஒரு நடுப்பெட்டியிலிருந்து சென்றது. ஒருவர் கம்பியைக் கழற்றினால் அவர் பொறி மட்டும் நிற்கும். மற்றவர் வேலை நடக்கும். பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சிறு விளக்குகள், கம்பிக்கு ஒன்று. எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று பார்த்து, காப்பவர் நேரே அந்த மேசைக்கு நடந்தார்.