இட்ட பெயரும் எழுந்த ஐயமும்

பிள்ளைக்குப் பெயர் சூட்டி, உற்றார் உறவினருக்கு அறிவித்து, பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிவிட்ட பின்னர் "இந்தப் பெயர் சரிதானா?" என்று பெற்றோர் மனம் தடுமாறுவது இக்காலத்தில் அடிக்கடி காதில் விழும் செய்தியாகும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரிசிலும் வாழும் இளம் பெற்றோர் பலர் இதனைப் புலம்பெயர் வாழ்வு தந்த புதிய சிக்கல் என எண்ணுகின்றனர். ஈழத்தமிழரின் பெயர் வரலாற்றைச் சற்றே புரட்டினால், இத்தடுமாற்றம் மிகப் பழையது என்பதும், அதனைத் தீர்க்கும் உரிமை எல்லாப் பெற்றோருக்கும் எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதும் தெளிவாகும்.

மகனுடைய மகனைப் 'பேரன்' என்கிறோம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பாட்டனின் பெயரை இடுவது மரபாக இருந்த வரையில் தேர்வு எளிது. ஆனால் அதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கத் தாய்க்கே தடை! ஆகவே வீட்டில் வழங்குவதற்கு ராசா, தம்பி, சின்னவன் என்று இன்னொரு பெயர் பிறந்தது. சாதகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரு பெயர்களுடன் பிள்ளைகள் வளர்ந்தனர். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டிலோ, எமனின் கண் படாதிருக்கவேண்டி, பிச்சை, குப்பை என்று வேண்டுமென்றே இழிந்த பெயர் இட்டனர். பெயர் பொருந்தவில்லை என்று கண்டால் வேறு பெயர் வைப்பதும் இயல்பாகவே நடந்தது.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டு கிழக்கிலங்கையின் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த ஆண் குழந்தைக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் தம்பிப்பிள்ளை. குழந்தை நோய்வாய்ப்பட்டது. கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொண்ட பெற்றோர், அதன்பின் பிள்ளையின் பெயரை மயில்வாகனன் என மாற்றினர். அந்த மயில்வாகனனே பின்னாளில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு, சுவாமி விபுலாநந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, 'யாழ் நூல்' தந்த பெருமகனுக்கு, பெற்றோர் மனம் மாறியதால் இரண்டாவது பெயரும், துறவினால் மூன்றாவது பெயரும் வாய்த்தன. முதற் பெயரை மாற்றியதற்காக அப்பெற்றோரை ஊர் குறைகூறியதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

வீட்டுக்குள் தீர்ந்துவந்த இந்த விடயம் அந்நியர் ஆட்சியில் வெளியாரின் கைக்குச் சென்றது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. திருமுழுக்குடன் புதிய பெயர்கள் வந்தன. தமிழர் அவற்றைத் தம் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டனர். செபஸ்தியான் பஸ்தியாம்பிள்ளையானார்; மனுவேல் மனுவேற்பிள்ளையானார்; சந்தியாகு சந்தியோகுவானார். 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்றுப் பள்ளிக்கூடங்களே மக்களின் பிறப்பையும் விவாகத்தையும் பதிந்துவைத்தன. திருமுழுக்குப் பெறாதவர்க்குச் சட்டப்படியான விவாகமும் உரிமைகளும் கிடைப்பது அரிதாயிற்று. எனவே தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் சைவப் பெயருமாகப் பலர் வாழ்ந்தனர். முன்னர் பாசத்தினால் ஏற்பட்ட இரட்டைப் பெயர் இப்போது அச்சத்தினால் ஏற்பட்டது.

பிரித்தானியர் ஆட்சியில், 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் இதற்கு இன்னொரு வடிவம் கொடுத்தனர். அவர்களுடைய விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் ஊணுக்கும் உடைக்கும் அமெரிக்காவில் உள்ள நன்கொடையாளர் பணம் அனுப்பினர். பணம் அனுப்பியவர், தாம் தாங்கும் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். மறைந்த போதகர், மதிப்புக்குரிய நண்பர் என்று அவர்கள் நினைவிற்கொள்ள விரும்பியோரின் பெயர்கள் எல்லாம் யாழ்ப்பாணத்துச் சிறுவர் மேல் ஏறின. 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்தோரின் பெயர்களைப் பாருங்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை. கடல் கடந்து ஒருநாளும் காணாத மனிதரின் பெயர் முன்னே; பெற்றோர் இட்ட பெயர் பின்னே.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவர்கள் நன்கொடையாளரின் பெயரை முழுவதும் உதறவும் இல்லை; பெற்றோரின் பெயரைக் கைவிடவும் இல்லை. சிதம்பரப்பிள்ளை தமிழில் தருக்க நூல் எழுதினார். விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பிற்காலத்தில் சைவத்துக்கே திரும்பினார். கிறித்தவராகவே வாழ்ந்த சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். கதிரைவேற்பிள்ளை தமிழ் அகராதி தொகுத்தார். இன்று நாம் இவர்களைத் தமிழ்ப் பெயர்களாலேயே நினைவுகூர்கிறோம். எந்தப் பெயர் நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தவை அவர்களுடைய வாழ்வும் எழுத்துமே.

அந்நியரை மட்டும் குறை சொல்லி இவ்வரலாற்றை முடித்துவிட முடியாது. நம்மவரே நம்மவர்க்குச் செய்த கொடுமை இதனினும் பெரிது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் பிள்ளைகளுக்கு விரும்பிய பெயரை இட முடியாதிருந்த காலம் நெடியது. கந்தசாமி என்றோ கந்தையா என்றோ பெயரிட விரும்பிய தந்தையின் பிள்ளை, பதிவில் கந்தன் ஆனான். வள்ளியம்மை என்று தாய் ஆசையோடு அழைத்த பெண், வள்ளி ஆனாள். 'பிள்ளை', 'ஐயா', 'அம்மா' என்று முடியும் பெயர்கள் உயர்ந்தோர் எனப்பட்டவரின் தனியுடைமையாகக் கருதப்பட்டன. பதிவுகாரரும் பள்ளித் தலைமையாசிரியரும் பேனா முனையால் அந்த வேலியைக் காத்தனர். அந்தப் பெற்றோருக்கும் பெயரைப் பற்றி மனக்குறை இருந்தது. ஆனால் அதனை எவரிடம் சென்று சொல்வது? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், அறுபதுகளின் ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் வந்த பின்னரே அந்த வேலி மெல்லச் சரிந்தது. தம் பிள்ளைக்கு முழுப் பெயர் வைப்பதே ஒரு போராட்டமாக இருந்த மக்கள் நம்மிடையே வாழ்ந்தனர் என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருத்தல் வேண்டும்.

இட்ட பெயரைத் தாமே திருத்திக்கொண்டோரும் உளர். 1913இல் ஊர்காவற்றுறைக்கு அண்மையில் உள்ள கரம்பொனிற் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். சேவியர் ஸ்ரனிஸ்லாஸ் என்பதே அவரது இளமைப் பெயர். தமிழ்நாட்டிலே தமிழை ஆழ்ந்து கற்ற பின்னர், மூதாதையரின் பெயராகிய தனிநாயகம் என்பதைச் சேர்த்துக்கொண்டார். திருமுழுக்குப் பெயரை விலக்கவில்லை. இரு பெயர்களும் இணைந்தே, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணராய் இருந்தவரின் பெயராக உலகெங்கும் வழங்கின. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, 2021இல் மறைந்த டொமினிக் ஜீவாவோ, யாழ்ப்பாணம் வந்திருந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்பாற் கொண்ட பற்றினால் 'ஜீவா' என்பதைத் தம் பெயருடன் சேர்த்தார். அந்த ஜீவானந்தத்துக்குப் பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. தனித்தமிழ்ப் பற்றினால் உயிரின்பன் எனத் தம்மை ஒருகாலத்தில் அழைத்துக்கொண்ட அவர், பின்னர் ஜீவானந்தம் என்ற பெயருக்கே மீண்டார். மாமனிதருக்கும் இத்தடுமாற்றம் இருந்திருக்கிறது!

1983க்குப் பின் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த நம்மவரை மேலை நாடுகளின் படிவங்கள் வேறு வகையிற் சோதித்தன. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் எழுதுவது நம் வழக்கம். 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்ற இரு கட்டங்களில் அதனைப் பொருத்தியபோது, பலர் அலுவலகங்களில் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படலாயினர். அவர்களின் சொந்தப் பெயரோ பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று. அந்தப் பிள்ளைகளே இன்று பெற்றோராகியுள்ளனர். வெள்ளைக்கார ஆசிரியர் தம் பெயரைச் சிதைத்தபோது வகுப்பறையில் தலைகுனிந்திருந்த நினைவு அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. ஆகவே இரண்டு அசையில் முடியும் பெயரைத் தேடுகின்றனர். ஊரில் இருக்கும் பாட்டியோ அது தமிழ்ப் பெயர்தானா என்று கேட்கிறார். சோதிடர் நட்சத்திர எழுத்தைக் கொடுக்கிறார். எண்சாத்திரி எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். அசுவினிக்குச் சூ, சே, சோ, லா என்று தொடங்கும் பெயரைத் தேடிப் பொருளே அற்ற ஒலிக்கூட்டத்தைச் சூட்டியோரும் உளர். இத்தனை பேரின் விருப்பத்தையும் ஒரு சிறு பெயருக்குள் அடக்க முயன்றால் ஐயம் எழாமல் என்ன செய்யும்?

சட்டம் இதற்குத் தடையாக நிற்கவில்லை. இலங்கையில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிதல் வேண்டும் என்பது விதி. எனினும் 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே பின்னர் பெயரைச் சேர்க்கவும் மாற்றவும் வழி வைத்திருக்கிறது. புலம்பெயர் நாடுகள் பலவற்றிலும் அத்தகைய வழி உண்டு.

ஐயங்கொள்ளும் பெற்றோர்க்கு இவ்வரலாறு கூறுவது இதுவே. உங்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது எந்த நன்கொடையாளரும் கட்டளையிடவில்லை. எந்தப் பதிவுகாரரும் பாதியை வெட்டவில்லை. தேர்ந்தெடுக்கவும், தேர்ந்ததை மீண்டும் எண்ணிப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை இருப்பதனாலேயே இந்த ஐயமும் இருக்கிறது. பெயரின் பொருளையும், அதை ஏன் தேர்ந்தீர்கள் என்பதையும் பிள்ளைக்கு நாணமின்றிச் சொல்ல முடியுமாயின் அப்பெயரை வைத்துக்கொள்ளுங்கள். முடியாதெனின், பிள்ளை அப்பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள். காரைதீவுப் பெற்றோர் அதைத்தான் செய்தனர்.