கங்கா (1972)

கங்கா, எம். கர்ணன் இயக்கி ஒளிப்பதிவு செய்து, ஜெய்சங்கர் நடித்து 1972இல் வெளியான தமிழ்க் கௌபாய் படம். இசை சங்கர்–கணேஷ். தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப் புறப்படும் மகனின் கதை. காவல்நிலையமும் நீதிமன்றமும் எட்டாத வெளியில் துப்பாக்கிதான் தீர்ப்பு எழுதுகிறது.

இத்தாலியில் செர்ஜியோ லியோனே வளர்த்த பாணி இது. தெலுங்கில் 1971இல் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' அதற்கு இங்கே வழி திறந்தது. கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். ஆதலால் வசனத்தைவிடக் குதிரைத் துரத்தலையே அதிகம் நம்பினார். செலவு குறைவு, வேகம் அதிகம். 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' ஆகியனவும் கர்ணன்–ஜெய்சங்கர் கூட்டணியின் படைப்புகளே.

குதிரை என்றதும் அய்யனார் கோயில் மண்குதிரை நினைவுக்கு வரும் கண்மாய்ச் சீமைக்குத் தொப்பி வைத்த வீரன் அந்நியன்தான். ஆனால் தகப்பன் சாவுக்குப் பழிவாங்கும் மகன் அந்நியனல்லன்.

திரைப்பட வரலாறுகள் இவ்வகைக் கௌபாய் படங்களைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, இது நியாயமன்று. சிம்புதேவன் 2010இல் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்', கதைக்களத்துக்கு 'ஜெய்சங்கரபுரம்' என்று ஊர்ப்பெயரிட்டு அந்தக் கடனைச் சிரித்தபடியே ஒப்புக்கொண்டது.