நாட்டுத் தக்காளி: ருசி ஒரு கேள்வி, வாடல் வேறொரு கேள்வி

"பழைய இனத்துக்கு நோய் வராது" என்ற பேச்சை வன்னியில் இப்போது அடிக்கடி கேட்கிறேன். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. அதன் பின்னாலேயே பொருளாதார நெருக்கடியும் வந்து, கலப்பின விதைப் பொட்டலத்தின் விலை கைக்கெட்டாமல் போனது. அதற்குப் பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. கமக்காரர்கள் சொல்கிறார்கள், இயற்கை விவசாயப் பயிற்சிகளில் சொல்கிறார்கள், முகநூலைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. ஆனால் சொல்பவர்களிடம் "எந்த இனம், எந்த நோய், எத்தனை செடியில் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பதில் மெல்லக் கரைந்துவிடுகிறது.

முரசுமோட்டையில் இது வெறும் விவாதம் அல்ல. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியோரம் இருக்கும் இந்த ஊர், இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவிக்கும் ஊர். தக்காளி இங்கே வீட்டு வளவிலும், கிணறு உள்ள மேட்டுக்காணியிலும், காலபோக மழை ஓய்ந்த பிறகு வைக்கிற பயிர். நெல் தரும் காசு கடனுக்குப் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு தக்காளி, கத்தரி, மிளகாயில்தான் ஓடுகிறது. நகையை அடகு வைத்து வாங்கிய விதை பூக்கும் பருவத்தில் வாடி விழுந்தால், அந்த வருடம் நகை திரும்பாது. ஆகவே நாட்டு விதையை நம்பி அரை ஏக்கர் வைக்கலாமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும்.

"நாட்டு" என்பது எது?

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல். தக்காளி தென் அமெரிக்க அந்தீஸ் மலைச்சரிவுகளின் செடி. மெக்சிகோவில் பயிராகி, ஐரோப்பியர் கப்பலேறி நம்மிடம் வந்தது. புளிப்புக்குப் பழப்புளியை நம்பியிருந்த நம் சமையலுக்குத் தக்காளி புதிய விருந்தாளிதான். நெல்லில் மொட்டைக்கறுப்பன் என்று சொல்வதுபோல இதில் ஆயிரம் வருடப் பரம்பரை தேட முடியாது.

இப்போது "நாட்டு" என்று கைமாறும் விதையில் குறைந்தது மூன்று விதமானவை கலந்திருக்கின்றன. கோழி கிளறும் குப்பை மேட்டில் தானாக முளைத்து, கொத்துக் கொத்தாகச் சின்னப் பழம் காய்க்கும் செடி ஒன்று. தெற்கில் "கொறக்கா தக்காளி" என்று பெயர் பெற்ற, கொறக்காய்ப் பழம்போல் வரிவரியாக மடிப்பு விழுந்த, நல்ல புளிப்புள்ள இனத்தையும் இதோடு சேர்க்கலாம். இரண்டாவது, விவசாயத் திணைக்களம் பல வருடங்களுக்கு முன் சிபாரிசு செய்த, விதை எடுத்து மீண்டும் விதைக்கக்கூடிய இனங்கள். மூன்றாவதுதான் வில்லங்கமானது: யாரோ சந்தையில் வாங்கிய கலப்பினப் பழத்திலிருந்து எடுத்து, இரண்டு மூன்று போகம் கடந்து, பெயரை இழந்து "நாட்டு" ஆகிவிட்ட விதை.

மார்க்லோப் நல்ல உதாரணம். "எங்கட அப்பா காலத்து இனம்" என்று ஒரு பெரியவர் எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். அது அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1925இல் வெளியிட்ட இனம். பியூசேரியம் என்ற பூஞ்சை வாடலைத் தாங்கும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. பழையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது புளோரிடா வயலின் நோய்க்குத் தெரிவு செய்யப்பட்ட பழமை, முரசுமோட்டை மண்ணின் நோய்க்கு அல்ல.

ஊரின் சொந்த விதைக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பசளையும் கிருமிநாசினியும் வன்னிக்குள் வராதபோது, வீட்டு விதைதான் கை கொடுத்தது. பழத்தைப் பிசைந்து சாம்பலில் புரட்டி, காயவைத்து, அடுப்படிப் புகையில் போத்தலில் வைத்திருந்தார்கள். 2009 ஜனவரியில் இந்த ஏ-35 வீதியால் சனம் கிழக்கே நகர்ந்தபோது அடுப்படிப் போத்தலை யார் தூக்கினார்கள்? "விதைநெல்லையே விட்டிட்டுப் போனனாங்கள், பிள்ளை. தக்காளி விதையோ?" என்று ஓர் அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்தவை உதவி நிறுவனங்களின் பொட்டலங்களும் கடை விதையும். இன்று இங்கே பழைய விதை என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி அதற்குப் பின்னர் சேர்ந்ததுதான். அதனால் அது மதிப்பற்றதாகிவிடாது; அதன் குணத்தை அதன் வயதை வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

வாடலும் சுருளலும்

நோயில் முதலாவது பக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா சொலனசியாரம் என்ற பக்டீரியா மண்ணிலிருந்து வேர்க் காயம் வழியாக நுழைந்து, செடியின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தொங்கும். மாலையில் கொஞ்சம் நிமிரும். சில நாளில் பச்சை நிறம் மாறாமலே சாகும். மண்ணிலும் ஓடும் நீரிலும் அது தங்கும். 2018 டிசம்பரில் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் புகுந்ததுபோல் காணிக்குக் காணி தண்ணீர் பரவினால் நோயும் கூடவே போகும். கத்தரியும் மிளகாயும் அதற்கு உணவு என்பதால், தக்காளிக்குப் பின் கத்தரி வைப்பது நோயைப் பந்தி போட்டு உபசரிப்பது போல. நீர் கட்டி நெல் விதைத்த நிலத்தில் இந்தப் பக்டீரியா குறையும். நெல் ஊருக்கு அது ஒரு வசதி.

வாடிய செடியெல்லாம் இந்த நோயல்ல. கறையான் தின்றாலும் வாடும். பூஞ்சை வாடலில் அடி இலை முதலில் மஞ்சளாகும். வேறுபடுத்த ஓர் எளிய சோதனை உண்டு: அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி மட்டும் மூழ்கும்படி பிடித்திருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல வெள்ளை நூல் இறங்கினால் பக்டீரியா வாடல். முரசுமோட்டையில் ஒரு கமக்காரரின் கிணற்றடியில் இதைச் செய்து பார்த்தோம். நூல் இறங்கியதைக் கண்டவர், "இதுக்கோ நான் இவ்வளவு காலமும் பூஞ்சணத்துக்கு மருந்தடிச்சனான்?" என்று தலையில் கைவைத்தார். பூஞ்சண மருந்து பக்டீரியாவுக்குக் கேட்காது.

இரண்டாவது இலைச்சுருள் வைரசு. வெண் ஈ இதைச் செடிக்குச் செடி காவுகிறது. இலங்கையின் பெயரையே தாங்கிய ஒரு தக்காளி இலைச்சுருள் வைரசும் உலகப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். நாற்றுப் பருவத்திலோ நட்ட முதல் மாதத்திலோ தொற்றினால் அந்தச் செடியிடம் காய் எதிர்பார்க்க வேண்டாம். மழை ஓய்ந்து வெயில் ஏற ஏற வெண் ஈயும் பெருகும். நம் தக்காளிப் பருவமும் அதுவே.

பழைய இனம் தாங்குமா என்ற கேள்வி இங்கேதான் உடைகிறது. இந்த வைரசுக்கு எதிரான வலுவான மரபணுக்கள் வீட்டுத் தோட்ட இனங்களில் இருந்து வந்தவை அல்ல. காட்டுத் தக்காளிகளில் இருந்து வந்தவை. 'டி.வை-1' சிலி நாட்டுப் பெயர் கொண்ட ஒரு காட்டினத்திலிருந்து வந்தது. 'டி.வை-2' மயிர் மூடிய இன்னொரு காட்டினத்திலிருந்து. அதை எச்-24 என்ற வரிசையில் பயிருக்குள் கொண்டுவந்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள் கல்லூவும் பானர்ஜியும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக், இலைச்சுருள், பக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் சேர்த்துத் தாங்கும் என்று வெளியிடப்பட்டது. ஆனால் அது கலப்பினம். அதன் பழத்தில் எடுத்த விதை தாயைப்போல வராது.

வாடலில் நிலைமை வேறு. 'கே.டபிள்யூ.ஆர்' என்ற பழைய இலங்கை இனத்தின் பெயரே 'கட்டுகஸ்தோட்டை வாடல் எதிர்ப்பு' என்பதன் சுருக்கம். அதாவது நோயுள்ள மண்ணில் நட்டு, தப்பியதைத் தெரிந்தெடுக்கும் வேலை இங்கும் நடந்திருக்கிறது. உலகளவில் நம்பகமான மூலமாகக் கருதப்படுவது ஹவாய் 7996. தொல்லை என்னவென்றால், வாடலைத் தாங்கும் குணமும் சிறிய பழமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. குப்பை மேட்டுச் சின்னத் தக்காளி வாடாமல் நிற்பதையும் பெரிய பழம் விழுவதையும் பார்த்த கண்கள் பொய் சொல்லவில்லை. அதை "நாட்டு, கலப்பினம்" என்று பிரித்ததுதான் தவறான கணக்கு.

வேர்முடிச்சுப் புழு பற்றி ஒரு வார்த்தை. அதைத் தடுக்கும் 'எம்.ஐ' மரபணு உள்ள இனங்களை விதைக் கடைகள் புகழ்ந்து விற்கும். மண் வெப்பம் 28 பாகை செல்சியசைத் தாண்டினால் அந்த மரபணு செயலிழக்கும். சித்திரை மாதக் கிளிநொச்சி மண்ணை வெறுங்காலால் மிதித்தவருக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

ருசியை எப்படி அளப்பது?

பழத் தரத்தில் பழைய இனங்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. முழுப் பழமும் ஒரே நிறத்தில் பழுக்க வேண்டும் என்று வர்த்தக இனங்களில் ஒரு மரபணு மாற்றத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த மாற்றம் காயின் தோளில் இருக்கும் கரும்பச்சையை நீக்கியது. அதோடு பச்சையம் குறைந்து சர்க்கரையும் குறைந்தது. 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதை விளக்கியது. 2017இல் அதே இதழில், 398 வகைகளை ஆராய்ந்து, நவீன இனங்களில் மணம் தரும் சேர்மங்கள் எப்படிக் குறைந்தன என்று புளோரிடாவின் ஹரி கிளீயும் சகாக்களும் காட்டினார்கள். சொதிக்குப் பழைய தக்காளிதான் சரி என்று சொல்லும் ஆச்சிக்கு இப்போது ஆய்வுக்கூடச் சாட்சி உண்டு.

ஆனால் சந்தைக்குத் தேவை வேறு. மெல்லிய தோல் உள்ள பழம் தம்புள்ளை வரை பெட்டியில் போனால் பாதி சாறாகத்தான் இறங்கும். அருகிலுள்ள கிளிநொச்சிச் சந்தைக்கோ, வீட்டுக்கு வந்து வாங்குபவருக்கோ என்றால் அது குறையில்லை. ஆகவே தரம் என்பது எங்கே விற்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. அளக்க விரும்பினால், சாற்றின் ஒரு துளியில் கரைந்த திண்மத்தைக் காட்டும் பிரிக்ஸ் மானி போதும். சாதாரணத் தக்காளி 4 முதல் 6 வரை காட்டும். சின்னப் பழங்கள் அதற்கு மேலும் போகும். காலையில் நீர் பாய்ச்சிய பாத்தியின் பழத்தையும் காய்ந்த பாத்தியின் பழத்தையும் ஒப்பிட்டு இனத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். 30 பாகைக்கு மேல் தொடர்ந்து வெயில் அடித்தால் சிவப்பு நிறமி உருவாகாது, பழம் மஞ்சளாகவே நிற்கும். அதுவும் இனத்தின் குற்றமல்ல.

ஒரு காணியில் செய்யக்கூடிய சோதனை

ஆராய்ச்சி நிலையம் செய்வதன் சாரத்தை வளவிலும் செய்யலாம். நாலு இனம் எடுங்கள்: உங்கள் வீட்டு விதை ஒன்று, திலின போன்ற திணைக்கள இனம் ஒன்று, கடைக் கலப்பினம் ஒன்று, உங்கள் காணியில் எப்போதும் வாடுகிற இனம் ஒன்று. கடைசியானது வீணல்ல. அது வாடாவிட்டால் அந்தப் போகத்தில் மண்ணில் நோயே இல்லை என்று பொருள். மற்றவை தப்பியதை வைத்துப் பெருமைப்பட முடியாது. ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் கும்பலாக நடாமல், காணியில் மூன்று இடங்களில், முறை மாற்றி நடுங்கள். ஈரமான மூலையில் நின்ற இனம் மட்டும் செத்துவிட்டு, பழி விதையில் விழக்கூடாது. நாற்றுமேடைக்கு எல்லா இனத்துக்கும் ஒரே வலை, ஒரே நாளில் நடுகை, ஒரே பசளை.

பிறகு கொப்பி. நட்டு ஒரு மாதத்தில், பூக்கும்போது, முதல் ஆய்வின்போது என்று மூன்று தடவை ஒவ்வொரு செடிக்கும் 0 முதல் 5 வரை புள்ளி: 0 நலம், 5 சாவு. வாடலுக்கும் சுருளலுக்கும் வேறு வேறு நிரல். பழத்தை இனவாரியாக நிறுத்து எழுத வேண்டும். விற்கக்கூடியது, வெடித்தது, அடி கறுத்தது என்று பிரித்து. அடி கறுப்பது பெரும்பாலும் நோயல்ல, நீர் ஒழுங்கில்லாததால் கல்சியம் போய்ச் சேராதது. ஒரு போகத்தோடு முடிவெடுக்க வேண்டாம். இரண்டாவது போகத்தில் அதே வரிசை நின்றால்தான் நம்பலாம். விவசாயப் போதனாசிரியரையோ அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தையோ இந்தக் கொப்பியோடு அணுகினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ருசியான பழைய இனம் வாடலில் தோற்றால் அதைக் கைவிட வேண்டியதில்லை. தாய்வானில் உள்ள உலக மரக்கறி மையம் நோய் தாங்கும் கத்தரி வேர்மேல் தக்காளித் தளிரை ஒட்டுகிற முறையைப் பல காலமாகப் பரப்பி வருகிறது. வாடலையும் சில நாள் நீர் தேங்குவதையும் அந்த வேர் தாங்கும். சுருளலுக்கு அது மருந்தாகாது. நாற்றுமேடை வலையை விட முடியாது. தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 இன்னொரு பாடம்: அன்னஞ்சி என்ற உள்ளூர் இனத்தை எடுத்து, மரபு மாற்றம் தூண்டி, அதில் தெரிந்தெடுத்தது. பச்சைத் தோள் கொண்ட பழம். லொறியில் தூரம் போகும். உள்ளூர் விதையை அப்படியே பூசித்து வைக்காமல், அதில் வேலை செய்தார்கள்.

விதை எடுப்பதில் ஒன்று சொல்ல வேண்டும். தக்காளி பெரும்பாலும் தன் பூந்தூளாலேயே காய்க்கும். இனம் அதிகம் கலக்காது. அதனால் கலப்பினமல்லாத எந்த நல்ல செடியும் உங்கள் விதைத் தாயாகலாம். ஆனால் நம் ஊரில் விதைக்கு எடுப்பது விற்று மிஞ்சிய கடைசிப் பழத்தை. கடைசிவரை நின்ற செடி வலுவானதாகவும் இருக்கலாம், நோயுள்ள மண் தொடாத மூலையில் நின்ற அதிர்ஷ்டசாலியாகவும் இருக்கலாம். முதல் ஆய்விலேயே, பக்கத்துச் செடிகள் வாடிய இடத்தில் நிமிர்ந்து நிற்கும் செடிக்கு ஒரு துணித்துண்டு கட்டி, இரண்டாம் மூன்றாம் கொத்துப் பழத்தை விதைக்கு விடுங்கள். சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் காயவைத்து, போத்தலில் இனம், காணி, போகம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அந்தப் போத்தலில் பாதியைச் சொந்தக்காரர் வீட்டில், வேறு ஊரில் வையுங்கள்.