மரபுவழிக் கெரட்டினாக்கக் கோளாறுகள்

மேல்தோல் செல்கள் முதிர்ந்து உதிரும் முறை மரபணுப் பிழையால் பிசகும்போது உண்டாகும் நோய்கள் மரபுவழிக் கெரட்டினாக்கக் கோளாறுகள் எனப்படும். அடியடுக்கில் பிறக்கும் செல், கெரட்டின் புரதத்தால் நிரம்பி மேலேறி, ஏறக்குறைய நான்கு வாரங்களில் கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர வேண்டும். உதிராமல் ஒட்டிக்கொண்டால் செதிலாகும்; இவ்வகை ‘இக்தியோசிஸ்’. மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இப்பெயரை நோயாளிகள் விரும்புவதில்லை என்றால் வியப்பில்லை.

தில்லியில் எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகள் உள்ளன. அங்குள்ள தோல் பிரிவுகளுக்கு வட இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து இத்தகைய நோயாளிகளும் வருகிறார்கள். இத்தகைய நோயில் மருத்துவ ஆய்வு ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. ஒரு தாளில் வரையும் குடும்ப வரைபடத்தில் தொடங்குகிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே மை. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. மாமன் மகள், அக்கா மகள் உறவுகள் கொண்ட தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் படம் வரைந்தால் இரட்டைக் கோடு அரிதல்ல. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பிழை குழந்தையில் சேரும் வழி அதில் தெரிந்துவிடும்.

பொறுப்பான மரபணுக்களில் பல 1990களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. பிளேட்டு போன்ற செதில் தோன்றும் லமெல்லர் வகைக்குக் காரணமான டிரான்ஸ்குளூட்டமினேஸ்-1 மரபணு 1995இலும், மிகக் கடுமையான ஹார்லெக்வின் வகைக்குரிய ஏபிசிஏ12 மரபணு 2005இலும் தெரியவந்தன. பரவலாகக் காணும் சாதாரண வகைக்கு ஃபிலாக்ரின் புரதக் குறைபாடே காரணம் என்பது 2006இல்தான் உறுதியானது. இந்நோய்களின் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க 2009இல் பிரான்சின் சொரேஸ் நகரில் நிபுணர்கள் கூடினர்.

சிகிச்சை ஆய்வுக்குப் பெரிய தடை, அரிய வகைகளில் நோயாளிகள் குறைவு என்பது. நூறு பேரைத் திரட்ட முடியாதபோது ஒருவரின் இரு கால்களையே ஒப்பிடலாம்: ஒன்றில் யூரியா களிம்பு, மற்றதில் மருந்தில்லாக் களிம்பு. சிக்கனமான முறைதான். ஆனால் உடல் முழுதும் பரவும் மாத்திரைக்கு இது உதவாது. கடும் வகைகளுக்குத் தரப்படும் அசிட்ரெட்டின் என்ற மருந்து கருவைப் பாதிக்கும். நிறுத்தி மூன்று ஆண்டுகள் வரை பெண்கள் கருத்தரிக்கக் கூடாது. எனவே இளம்பெண்களை அந்த ஆய்வில் சேர்ப்பது எளிதல்ல.

கடும் வகைகளில் செதில் வியர்வைத் துளைகளை அடைப்பதால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறாது. தில்லியின் மே, ஜூன் வெயிலில் இந்நோயாளிகள் ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போவது நல்லது; குளிர்காலத்தில் அதே தோல் வறண்டு வெடிக்கும்.