ஃபிஃப்த் வீல் ட்ரெயிலரை இழுக்க எந்தப் பிக்கப்? வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை காலத்தில், வீடு போன்ற நீண்ட ட்ரெயிலர்களைப் பிக்கப் வாகனங்கள் இழுத்துச் செல்வதைக் காணலாம். படுக்கையறை, சமையலறை, குளியலறை என அனைத்தும் உள்ளேயே இருக்கும். ஓய்வு பெற்ற சிலர் ஆண்டு முழுவதும் இவற்றிலேயே வாழ்கின்றனர். அங்குள்ள எம் உறவுகளில் எவரேனும் இவ்வாறான ஒன்றை வாங்க எண்ணினால், முதலில் கவனிக்க வேண்டியது ட்ரெயிலரின் அழகையல்ல, அதை இழுக்கும் வாகனத்தையே. இந்தத் தெரிவில் ஏற்படும் பிழை, மலைப்பாதை இறக்கத்தில் ஒரு குடும்பத்தின் உயிருடன் விளையாடுவதாக முடியலாம்.

ஃபிஃப்த் வீல் என்பது என்ன?

சாதாரண ட்ரெயிலர் வாகனத்தின் பின்புறத்திலுள்ள குண்டுக் கொளுவியில் பூட்டப்படும். ஃபிஃப்த் வீல் ட்ரெயிலரோ பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு மேலாகப் பூட்டப்படுகின்றது. குதிரை வண்டிகளின் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடையாகப் பொருத்தப்பட்டிருந்த வளையமே 'ஐந்தாம் சக்கரம்' என்ற பெயருக்குக் காரணம். கொள்கலன் லொறிகளிலும் இதே முறையே பயன்படுகின்றது.

இவ்வாறு பூட்டுவதால் ட்ரெயிலர் பக்கவாட்டில் ஆடுவது குறையும். ஆனால் அதன் பாரத்தில் பெரும் பங்கு வாகனத்தின் மேல் இறங்கும். சாதாரண ட்ரெயிலரில் இது மொத்த நிறையின் 10 முதல் 15 வீதம். ஃபிஃப்த் வீலில் 15 முதல் 25 வீதம் வரை செல்லும்.

ஏமாற்றும் இலக்கம்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது இழுவைத் திறன். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. உற்பத்தியாளர்கள் பின்பற்றும் ஜே2807 என்ற நியமம், வாகனத்தில் தலா 68 கிலோகிராம் நிறையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாகக் கொள்கின்றது. பிள்ளைகளும் பொருட்களும் ஏறியதும் கணக்கு மாறிவிடும்.

பெரும்பாலும் முதலில் எல்லையைத் தாண்டுவது இழுவைத் திறன் அல்ல, சுமைத் திறனே. சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில், பயணிகளும் பொருட்களும் சேர்ந்து தாண்டக்கூடாத நிறை குறிக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரியான இரு வாகனங்களில்கூட இது வேறுபடலாம். எனவே விற்பனையாளரின் வாய்ச்சொல்லையோ பொதுவான கையேட்டையோ நம்பாமல், வாங்கப்போகும் அதே வாகனத்தின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

ட்ரெயிலரின் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 7,250 கிலோகிராம் (16,000 இறாத்தல்) எனக் கொள்வோம்.

• வாகனத்தின் மேல் இறங்கும் 20 வீதம்: 1,450 கிலோ
• கொளுவி: 90 கிலோ
• நால்வர் கொண்ட குடும்பம்: 300 கிலோ
• ஆயுதப் பெட்டி, ஏனைய பொருட்கள்: 60 கிலோ

மொத்தம் 1,900 கிலோ.

ஃபோர்ட் எஃப்-250, ராம் 2500 போன்ற பிக்கப்களில் பலவற்றின் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 4,536 கிலோ. நான்கு கதவும் டீசல் எஞ்சினும் கொண்ட வாகனத்தின் சொந்த நிறையே ஏறத்தாழ 3,400 கிலோ. மிஞ்சுவது 1,100 கிலோ அளவு மட்டுமே. எஃப்-350, ராம் 3500 வகைகளில் பின்புறம் இரு ரயர் கொண்டவை 1,800 கிலோ அளவில் நிற்கும், அதுவும் போதாது. பின்புறம் நான்கு ரயர் கொண்டவை பொதுவாக 2,300 கிலோவுக்கு மேல் தாங்கும். மேற்கூறிய ட்ரெயிலருக்கு அதுவே பொருத்தம்.

இறக்கமே சோதனை

ஏற்றத்தில் வலு குறைந்தால் வேகம்தான் குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசல் வாகனங்களிலுள்ள எக்ஸோஸ்ட் பிரேக், எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த உதவுகின்றது. மேலும், ரேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 வீத வலுவை இழக்கும். ரொக்கி மலைத்தொடர் பக்கம் செல்வோருக்கு டீசலே நல்லது. சமவெளியில் எப்போதாவது இழுப்பவர்கள், விலையும் பராமரிப்புச் செலவும் குறைந்த பெற்றோல் வாகனத்தை எண்ணிப் பார்க்கலாம்.

பெட்டியின் நீளமும் முக்கியம். 8 அடிப் பெட்டியில் வளைவுகளில் சிக்கல் குறைவு. குறுகிய பெட்டியில், கூரிய வளைவில் ட்ரெயிலரின் முனை சாரதி அறையின் பின் கண்ணாடியில் மோதக்கூடும். அதற்குப் பின்னோக்கி நகரும் கொளுவி தேவைப்படும்.

அனுமதிப்பத்திரம்

சட்டம் இடத்துக்கு இடம் மாறுபடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட வீட்டு ட்ரெயிலரை இழுக்க, சாதாரண அனுமதிப்பத்திரத்தில் விசேட அனுமதி சேர்க்கப்பட வேண்டும். கலிபோர்னியாவில் 15,000 இறாத்தலைத் தாண்டும் ஃபிஃப்த் வீலுக்கு வணிகம் சாராத ஏ வகுப்பு அனுமதிப்பத்திரம் தேவை.

இறுதியாக, தண்ணீர்த் தாங்கியும் பொருட்களும் நிரம்பிய நிலையில், ட்ரக் தரிப்பிடத் தராசில் ஒவ்வொரு அச்சையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டும் லீற்றருக்கு ஒரு கிலோ. ட்ரெயிலரை முதலில் வாங்கிவிட்டு வாகனம் தேடுபவர்கள் இருக்கின்றனர். கையிலுள்ள பிக்கப்புக்கு மேலான ட்ரெயிலரை வாங்குபவர்களும் இருக்கின்றனர். கதவிலுள்ள அந்தச் சிறிய தாளை முதலில் வாசித்தால் இரு தவறுகளையும் தவிர்க்கலாம்.