பழஞ் சதுரங்கக் காய்களும் புது மெருகும்

இலண்டன் மாநகரில் 1849ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று, நத்தானியல் குக் என்பார் சதுரங்கக் காய்களுக்குரிய புதிய வடிவமைப்பு ஒன்றைப் பதிவு செய்தார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் ஜான் ஜேக்ஸ் என்னும் கடைசல் தொழிலதிபர் அவ்வடிவில் காய்களைச் செய்து விற்பனைக்கு விடுத்தார். அந்நாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்ட ஹோவர்ட் ஸ்டான்டன் அக்காய்களுக்குத் தம் பெயரை நல்கினார். பதிந்தவர் ஒருவர், கடைந்து விற்றவர் மற்றொருவர், பெயர் நிலைத்ததோ மூன்றாமவருக்கு! இன்றும் உலகெங்கும் அவை ‘ஸ்டான்டன் காய்கள்’ என்றே வழங்குகின்றன.

அதற்கு முன்னர் நாட்டுக்கு நாடு, ஏன், மன்றத்துக்கு மன்றம் காய்களின் வடிவம் வேறுபட்டிருந்தது. நெடிதுயர்ந்து, வளையம் வளையமாகக் கடையப்பட்டு, ஒல்லியாக நின்ற அக்காய்கள் கைபட்டால் சாயும். அரசியையும் மந்திரியையும் பிரித்தறிவதே அயலவருக்கு அரிதாயிருந்தது. ஸ்டான்டன் 1843இல் பாரிசு நகருக்குச் சென்று செயின்ட் அமான் என்னும் பிரெஞ்சு வீரரை வென்றார். 1851இல் இலண்டனில் முதல் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்திய ஸ்டான்டனே அதில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட, செருமானியரான ஆண்டர்சன் வாகை சூடினார். இவ்வாறு நாடுவிட்டு நாடு சென்று ஆடும் காலம் பிறந்தபோது, எவரும் பார்த்தவுடன் அறியக்கூடிய காய்கள் தேவைப்பட்டன. அகன்ற அடி, தாழ்ந்த எடை, தெளிந்த தலை என்னும் மூன்றாலும் அத்தேவையைப் புதிய வடிவம் நிறைவு செய்தது. 1924இல் பாரிசில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் போட்டிகளுக்கு இவ்வடிவத்தையே ஏற்றுக்கொண்டது.

வெள்ளைக் காய்கள் பாக்ஸ்வுட் எனப்படும் இளமஞ்சள் மரத்தாலும், கறுப்புக் காய்கள் கருங்காலியாலும் செய்யப்பட்டன. பாக்ஸ்வுட் மிக மெதுவாக வளர்வது. இழை நெருங்கி, நுண்ணிய வேலைக்கு இடந்தருவது. அந்நாளைய செய்தித்தாள்களின் படங்களும் அம்மரத்தில் செதுக்கிய அச்சுகளைக் கொண்டே பதிக்கப்பட்டன. ஸ்டான்டன் சதுரங்கப் பகுதி எழுதிவந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ என்னும் படச் செய்தி இதழும் அவ்வகையினதே. ஆக, அவர் ஆடிய காயும் அவரது எழுத்தோடு வெளிவந்த படமும் ஒரே சாதி மரத்தில் பிறந்தவை எனலாம். காய்கள் சாயாமல் நிற்க அடியைக் குடைந்து ஈயம் வைத்தனர். அதன்மேல் கம்பளித் துணி ஒட்டினர். குதிரையின் தலையை மட்டும் தனியே கையால் செதுக்கி, கடைந்த பீடத்தின்மேல் பொருத்தினர். செதுக்குவோனின் கைத்திறம் முழுவதும் அத்தலையில்தான் வெளிப்படும்.

நூறாண்டு, நூற்றைம்பதாண்டு கடந்த காய்கள் பழுதுபடாமல் இருப்பது அரிது. அரசனின் முடிமேல் நிற்கும் சிலுவை ஒடியும். கோட்டையின் மதிற்பற்கள் உதிரும். குதிரையின் காதும் மூக்கும் சிதையும். கருங்காலி வறட்சியில் வெடிக்கும். மரத்திலிருந்து கசியும் காடிப்பொருள் ஈயத்தைத் தாக்க, ஈயம் வெண்பொடியாகப் பூத்துப் பருத்து அடிப்பகுதியையே பிளந்துவிடுவதும் உண்டு. புறத்தே அழகாகத் தோன்றும் காய் அகத்தே அழிந்துகொண்டிருப்பதை அடித்துணியை நீக்கினாலன்றி அறிய இயலாது.

இவற்றைச் சீர்செய்யும் முறை பொறுமையை வேண்டுவது. நற்கைவினைஞர் முதலில் காயை உலர்ந்த மென்துணியால் துடைப்பர்; பின்னர், ஈரம் பட்டும் படாமலும் உள்ள துணியால் ஓரிடத்தில் மட்டும் தேய்த்துப் பார்ப்பர். மெருகு கரைகிறதா, சாயம் துணியில் ஏறுகிறதா என்று அடிப்பக்கத்தில் ஆய்ந்த பின்னரே முகத்தில் கைவைப்பர். மலிவான பல காய்களில் கறுப்பு நிறம் கருங்காலியினுடையது அன்று; வெளிறிய மரத்துக்கு ஏற்றிய சாயம். இதனை அறியாதவர் எரிசாராயத்தால் ஒருமுறை துடைத்தாலே, கறுப்புப் படை வெள்ளைப் படையாகத் தொடங்கிவிடும்! ஒடிந்த காதுக்கு அதே சாதிப் பழைய மரத்தின் துண்டைத் தேடி, இழையின் போக்குப் பார்த்து, வஜ்ஜிரத்தால் ஒட்டிச் செதுக்க வேண்டும். வஜ்ஜிரம் வெந்நீருக்கு இளகும். நாளை இதனினும் திறமையுடையவன் ஒருவன் வந்தால், இன்று செய்ததை நீக்கிச் செம்மைப்படுத்த அது வழிவிடும். இன்றைய கடும்பசைகள் அவ்வாறு விடுவதில்லை.

மெருகின் கதை இந்தியாவோடு தொடர்புடையது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய ‘பிரெஞ்சு மெருகு’ என்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் மெல்லிய படலங்களாக மரத்தில் ஏற்றுவதாகும். அவ்வரக்கோ இந்தியக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் கொடை. பாண்டவரை எரிக்க எழுப்பிய மாளிகையால் நாமறிந்த அப்பொருள், கடல்கடந்து ஆங்கிலேயரின் மேசைக்கும் பேழைக்கும் பொலிவூட்டியது. அரக்கு மெருகுக்கு ஓர் இயல்புண்டு: பழைய படலத்தின்மேல் புதியதை ஏற்றினால் இரண்டும் இளகி ஒன்றாகும். எனவே தேய்ந்த மெருகை முற்றும் சுரண்டாமலே புதுப்பிக்க முடியும்.

ஆனால் பலர் அவ்வாறு செய்வதில்லை. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிடுகின்றனர். பாக்ஸ்வுட் காலத்தாலும் வெளிச்சத்தாலும் மாந்தர் கைபட்டதாலும் மெல்ல மெல்லத் தேன்நிறம் கொள்வது. அந்நிறம் மேற்பரப்பில் மட்டுமே உறைவது. சில நிமிடத் தேய்ப்பில் அது துகளாகிப் பறந்துவிடும். அதனோடு செதுக்கிய பிடரிமயிரின் கூர்மையும் போகும். ஜேக்ஸ் காய்களில், அரசன் பக்கத்துக் கோட்டையிலும் குதிரையிலும் சிறு கிரீட முத்திரை பொறித்திருப்பர். நகர்த்தல்களை அரசன் குதிரை, அரசி குதிரை என்று பிரித்தெழுதிய காலத்தில், ஆட்ட நடுவிலும் அவற்றை அடையாளம் காண உதவிய குறி அது. வெள்ளை அரசனின் அடிவிளிம்பில் தயாரித்தவர் பெயர் அழுத்தியிருக்கும். பதிவு தந்த பாதுகாப்புச் சில ஆண்டுகளில் முடிந்து, பிறரும் அவ்வடிவைப் படியெடுக்கத் தொடங்கியதால், மெய்ப்பொருளை அறிய இச்சிறு குறிகளே சான்று. தேய்ப்பவனுக்கு அவை அழுக்காகத் தெரிகின்றன. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கோயிற் கல்வெட்டுகளை மழுக்கிய கதையைத் தமிழர் அறிவர். அங்கே பெருங்கல், இங்கே விரலளவு மரம் என்பதே வேறுபாடு.

எனினும், எதனையும் தொடலாகாது என்பாரின் கூற்றையும் முழுதாக ஏற்பதற்கில்லை. சதுரங்கக் காய் ஆடுவதற்காகப் பிறந்தது. தலையற்ற குதிரையைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பது அருங்காட்சியகத்துக்குப் பொருந்தலாம். இல்லத்தில் தந்தையும் மகனும் ஆடும் காய்க்குப் பொருந்தாது. ஒடிந்ததை ஒட்டுவதும், இழந்ததை ஈடுசெய்வதும், தேன்மெழுகிட்டு மரத்தின் வறட்சி மறைப்பதும் தகும். முதுமையைப் பழுதாகக் கருதி அதனைத் துடைத்தெறிவதே தகாதது. முப்பத்திரண்டு காய்களுள் ஒன்று மட்டும் புதிதாக இருப்பின், அதனை மற்ற முப்பத்தொன்றின் நிறத்துக்குக் கொணர்வதே திறமை. அவற்றைப் புதியதன் நிறத்துக்கு இழிப்பது அன்று.

இன்று நன்மரக் காய்கள் மிகுதியாகச் செய்யப்படும் இடங்களுள் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரம் குறிப்பிடத்தக்கது. முன்னர் யானைத்தந்த வேலையில் பெயர்பெற்றிருந்த கைவினைஞர் குடும்பங்கள், 1989இல் தந்த வாணிபத்துக்குப் பன்னாட்டுத் தடை வந்த பின்னர் மர வேலையையே முழுதும் சார்ந்தன. அங்கும் குதிரையைச் செதுக்க வல்லார் சிலரே. ஒரு தொகுதியில் அதற்குத்தான் மிகுந்த நேரம் செல்கிறது. 1849ஆம் ஆண்டுக் காய்களை அச்சொட்டாகப் படியெடுத்து அவர்கள் உலகெங்கும் அனுப்புகின்றனர். வாங்குவோர் விரும்புகின்றனர் என்பதற்காக, புதிதாய்க் கடைந்த வெளிர்மரத்துக்குச் சாயமேற்றி, நூறாண்டு கடந்த தேன்நிறத்தை வரவழைக்கவும் செய்கின்றனர். அத்தகைய காய்களுக்கு விலையும் சற்றுக் கூடுதல்.